மூணாந்தரம்

சபையார் வைத்த காணிக்கைகளைக் கோயிலில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம். கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடிக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கோயிலை ஒட்டின சின்ன அறையில் ஏலக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார் மாமா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 'ஒருதரம், ரெண்டுதரம்' சொல்ல அந்தத் தொண்டையை விட்டால் சபையில் வேறு தொண்டை கிடையாது. கக்கத்தில் கோழியோடு நுழைகிறாள் மருமகள். (சொந்த மருமகள் அல்ல, முறைக்கு மருமகள். இந்தப் பக்கத்தில் ஒரே சபை என்றால் எங்கேயாவது ஒரு கிளையில் முறை வந்துவிடும்.)

மருமகள்: மாமா, இந்தக் கோழிய பிடியுங்க.

மாமா: ஏலத்துல எடுத்தத திருப்பி எடுக்க மாட்டோம் மக்ளே.

மருமகள்: எடுத்ததா? இது எங்க வீட்டுக் கோழி! நேத்து காலம்பற நானே கால்ல கயிறு கெட்டி கொண்டாந்து காணிக்கையா வச்சது. இப்ப எனக்க கோழிக்கு நான் 8,300 ரூவா கெட்டணும்னு சீட்டு வந்திருக்கு. டீச்சர் வீட்டுல சிரிப்பாச் சிரிக்காவ.

மாமா: உனக்க கோழின்னு சொல்லப்பிடாது. வச்ச உடனே அது கர்த்தருக்க கோழி. கர்த்தருகிட்ட இருந்து உனக்க மாப்பிள வாங்கினான். இதுல என்ன தப்பு?

மருமகள்: அவிய சவூதியில, தம்மாம்ல இருக்காவ!

மாமா: வாட்ஸ்அப்புல இங்கதான் இருந்தான். பாடகர் குழுப் பய ஒருத்தன் போன மைக்குக்கு நேரா பிடிச்சிட்டு நின்னான்.

மருமகள்: செரி, 8,300 எப்பிடி வந்துது? கூட யாரு கேட்டா?

மாமா: (கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்) முதல்ல 200-ன்னு கேட்டது தெக்குவீட்டு கொத்தனாரு. 300-ன்னு கறிக்கடைக்காரன். உனக்க மாப்பிள 500-ன்னான். அதோட அவனுவ ரெண்டுபேரும் இருந்தாச்சு.

மருமகள்: அப்போ 500-ல முடியணும்.

மாமா: முடியணும். நானும் '500 ஒருதரம்'னேன். எனக்க சத்தம் தம்மாமுக்குப் போயிச் சேர செத்த நேரம் எடுக்கு பாத்தியா... அவன் காதுல 500-ன்னு விழுந்த உடனே, வேற எவனோ கேக்கான்னு நெனச்சு 700-ன்னான். நான் '700 ஒருதரம்'னேன். அவன் 1,000-ன்னான்.

மருமகள்: அவியளுக்கு எதிரா அவியளே கேட்டாவளா?

மாமா: வாசியோட கேட்டான் மக்ளே! 3,000 தாண்டினப்ப 'எவம்லே அது, எனக்க வீட்டுக் கோழி மேல கண்ணு வச்சது'ன்னு ஒரு சத்தம். மைக்கு வேற. கோயிலே அதிர்ந்துட்டு.

மருமகள்: எதிராளு கெடையாதுன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?

மாமா: சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பொருளாளர் எனக்க கால மிதிச்சாரு. கோயில் மேக்கூர ஒழுகுது, உனக்குத் தெரியும்லா. ஆயரு அண்ணாந்து அந்த ஒழுகுற எடத்தையே பாத்துட்டு நின்னாரு. பெண்கள் பக்கத்துல ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு அல்லேலூயா. நீ எங்க போயிருந்த?

மருமகள்: பின்னால அசனச் சாப்பாட்டுக்கு காய் நறுக்கிட்டு நின்னேன். அல்லேலூயா கேட்டுது. ஆரோ ஆடு குடுத்திருக்காவன்னு நெனச்சு நானும் கூட சேந்து சொன்னேன்.

மாமா: பாத்தியா? நீயும் சம்மதிச்சிருக்க.

மருமகள்: அதெல்லாம் விடுங்க. எத்தற தரம் சொன்னிய?

மாமா: 8,300 ஒருதரம்... 8,300 ரெண்டுதரம்... அப்ப அந்தப் பய போன்ல சார்ஜ் தீந்துட்டு.

மருமகள்: மூணாந்தரம்?

மாமா: அசனத்துக்கு மணி அடிச்சாச்சு. கறிக்கொழம்பு மணத்துக்கு முன்னால எவன் நிப்பான்?

மருமகள்: மூணாந்தரம் சொல்லாத ஏலம் செல்லாது! போன வருசம் சக்கைப்பழத்துக்குச் சண்ட வந்தப்ப இதே எடத்துல நின்னு நீங்கதான் சட்டம் பேசினிய.

(மாமாவுக்குச் சட்டம் கைவிட்டால் சரித்திரம் கைகொடுக்கும்.)

மாமா: மக்ளே, இந்தக் கோயிலெல்லாம் சும்மாவா வந்துது? மயிலாடி மகராசன் வேதமாணிக்கம் சிதம்பரத்துக்கு யாத்திரை போன மனுசன். தஞ்சாவூர்ல கிறிஸ்து வேதத்தக் கேட்டு, அதோட ஊருக்குத் திரும்பினாரு. பொறவு 1806-ல மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரு வந்தாரு. 1809-ல மயிலாடியில கோயில் கெட்டினாவ...

மருமகள்: அவரு யாத்திரை போயி வேதத்தோட வந்தாரு. நான் கோழியோட வந்து கடனோட போறேன்.

மாமா: பத்து வருசம் ஓடி ஓடி ஊழியம் செஞ்ச அந்த ஐயரு 1816-ல கப்பலேறிப் போனாரு. எங்க போயி முடிஞ்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் எவனுக்கும் தெரியாது.

மருமகள்: ஆராவது ஏலச் சீட்ட கையில குடுத்திருப்பாவ.

மாமா: வெளையாடாத. மிஷனரி மால்ட் ஐயரம்மா நாகர்கோவில்ல பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னப் படிப்பிச்சாவ. பின்னி வித்த காசக் குடுத்து அடிமைத்தனத்துல இருந்து தன்னத்தானே மீட்டவளுவ உண்டு.

மருமகள்: அப்பிடி விடுதலை வாங்கினவளுக்க பேத்தி நான், ஒரு கோழிக்கு அடிமையாவணுமா? எங்க அம்மை காலத்துல உலையில போடுறதுக்கு முன்னால ஒரு பிடி அரிசி எடுத்து கலயத்துல போடுவாவ. மாசக் கடைசியில கோயிலுக்கு. பிடியரிசிக்கு எவனாவது சீட்டு குடுத்தானா?

மாமா: பிடியரிசி கேறிக் கேறி ஏலம் போவாதே.

மருமகள்: நான் எங்க அண்ணனுக்க பெந்தெகொஸ்து சபைக்குப் போறேன். அங்க ஏலம் கெடையாது, தசமபாகம் மட்டும்தான்.

மாமா: சம்பளத்துல பத்துல ஒண்ணு, மாசாமாசம். கணக்கு போட்டுப் பாரு. கோழி லாபம்.

(மனசுக்குள் கணக்குப் போடுகிறாள். உதடு அசைகிறது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுகிறாள்.)

மாமா: ஒண்ணு கேக்கட்டா? அது முட்ட இடுமா?

மருமகள்: ...கொஞ்ச நாளா நிறுத்திட்டு.

மாமா: முட்ட நிறுத்தின கோழியவா கொண்டாந்து வச்ச! இப்பிடித்தான் காயீனும் ஒரு காணிக்கை கொண்டு வந்தான்.

மருமகள்: நேத்து வீட்டுக்குத் திரும்பின உடனே ஒரு முட்ட இட்டுதுலா.

மாமா: கேட்டியா! அந்த அல்லேலூயாவுக்க பலன்.

மருமகள்: பேச்ச மாத்தாதுங்க. நாங்க வலப்பக்க பெஞ்சு, அதனாலதான் எங்க தலையில கெட்டிட்டிய. ஏலம் கூறுறது, கணக்கு எழுதுறது, காலு மிதிக்கது எல்லாம் இடப்பக்கத்து ஆளுவ.

மாமா: 1947-ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு, நம்ம லண்டன் மிஷன் சபை எல்லாம் சேந்து சி.எஸ்.ஐ. ஆயாச்சு. நம்ம கோயில்ல வலப்பக்கமும் இடப்பக்கமும் இன்னும் சேந்தபாடில்ல. ஆனா உனக்க மாமியாருக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் நடந்தப்ப ரத்தம் குடுக்க யாரு வந்து நின்னா? பெஞ்சு பாத்தா நின்னாவ?

மருமகள்: இல்லன்னு நான் சொல்லலியே. கமிட்டியில எங்க அவியகூட கைகலப்புக்குப் போன மனுசன்தான் முதல் ஆளா வந்து கைய நீட்டினாரு. அதுல ஒரு கொழப்பம் மாமா. அந்த ரத்தம் ஏறினதுல இருந்து அத்த கோயிலுக்கு வந்தா இடப்பக்கமா போயி உக்காருதாவ. விளிச்சாலும் வரல்ல.

மாமா: ஃபேன் அங்கதான இருக்கு.

(கோழி மேசையில் ஏறி நோட்டுப் புத்தகத்தின் மேல் நிற்கிறது. அதை விலக்கப்போனவளின் கண்ணில் பக்கத்தின் முதல் வரி படுகிறது.)

மருமகள்: இது என்ன? 'டீச்சர் வீடு, மட்டிப்பழக் குலை, 8,500'?

மாமா: ஆமா. நல்ல குலை.

மருமகள்: ஒரு குலை மட்டிக்கு 8,500-ஆ!

மாமா: 2023-ல கன்னியாகுமரி மட்டிக்கு புவிசார் குறியீடு கெடச்சாச்சுலா. அதோட அதுக்க மதிப்பே வேற.

மருமகள்: அந்தக் குறியீடு வந்தது பழத்துக்கா, டீச்சருக்கா? நடக்குற நடையப் பாத்தா தெரியல்ல. இந்தப் பேரெல்லாம் ஞாயித்துக்கிழமை அறிவிப்புல வாசிப்பியளா?

மாமா: வாசிப்போம்.

மருமகள்: எந்த வரிசையில?

மாமா: தொகை கூடினது முதல்ல.

மருமகள்: அப்ப டீச்சர் வீடு முதல்ல.

மாமா: ஆமா. நீங்க ரெண்டாவது. அதுவும் நீ கெட்டினா.

(வெளியே யாரோ கோயில் முற்றம் பெருக்குகிறார்கள். மருமகள் கோழியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் இறகைத் தடவிக் கொடுக்கிறாள்.)

மருமகள்: மாமா.

மாமா: என்ன மக்ளே?

மருமகள்: மூணாந்தரம் சொல்லலதானே?

மாமா: சொல்லல. அதத்தான நீ இம்புட்டு நேரமா...

மருமகள்: சொல்லலன்னா ஏலம் முடியல.

மாமா: நியாயத்துக்கு... முடியல.

மருமகள்: 8,600.

மாமா: (எழுந்து நிற்கிறார், தொண்டையைச் செருமுகிறார்) கர்த்தருக்க கோழி, 8,600 ஒருதரம்! 8,600 ரெண்டுதரம்!

மருமகள்: வெரசா சொல்லுங்க மாமா, தம்மாம்ல இருந்து போன் அடிக்குது!