சாவி தமிழ்ச் சொல்தான்

எங்கள் வீட்டுப் பிள்ளை எழுதிய தமிழ்க் கட்டுரையில் ‘சாவி’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘திறவுகோல்’ என்று திருத்தியிருந்தார்கள். பிறமொழிச் சொல்லாம். மதிப்பெண் போனால் போகட்டும், அந்தத் திருத்தத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சாவி வெளியிலிருந்து வந்தது என்பது உண்மைதான். போர்த்துகீசிய மொழியில் அது ‘சாவே’. அதற்கும் மூலம் லத்தீன் ‘கிளாவிஸ்’. ‘கிளா’ எப்படி ‘சா’ ஆனது? லத்தீன் சொல்லின் முதலில் வரும் கிள, பிள, ஃபிள ஒலிகள் போர்த்துகீசில் பல இடங்களில் அப்படித்தான் மாறியிருக்கின்றன. மழைக்கு லத்தீனில் ‘புளூவியா’, அங்கே ‘சூவா’. தீச்சுடருக்கு ‘ஃபிளாமா’, அங்கே ‘சாமா’. அதே கிளாவிஸ் இத்தாலியில் ‘கியாவே’ ஆனது, பிரான்சில் ‘கிளே’ ஆனது. டாக்டர்கள் காறை எலும்பைக் ‘கிளாவிக்கிள்’ என்கிறார்களே, அதற்கு லத்தீனில் ‘சின்னச் சாவி’ என்று அர்த்தம். போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் ‘கான்கிளேவ்’ என்பதும் சாவி போட்டுப் பூட்டிய அறைதான். இந்தப் பக்கம் வந்தால் மராத்தியிலும் குஜராத்தியிலும் சாவி, இந்தியிலும் வங்காளத்திலும் சாபி. ரோமிலிருந்து கல்கத்தா வரை ஒரே குடும்பம்.

சரி, அந்நியன் ஆண்டான், அவன் சொல்லைத் திணித்தான் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. எங்கள் மதுரையைப் போர்த்துகீசியர் ஒரு நாளும் ஆண்டதில்லை. யாழ்ப்பாணத்தைத்தான் 1619 முதல் 1658 வரை ஆண்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத் தமிழர் சாவியைத் ‘திறப்பு’ என்கிறார்கள்! அழகான தமிழ். அதே மக்கள் செருப்புக்கடையில் ‘சப்பாத்து’ கேட்பார்கள், அது போர்த்துகீசியச் சொல். ஆளப்பட்டவர்கள் திறப்பு என்கிறார்கள், ஆளப்படாத நாம் சாவி என்கிறோம். திணிப்பு என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

சொல் வியாபாரத்தோடு நடந்து வந்திருக்கிறது. தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் காலூன்றிவிட்டார்கள். கடற்கரையெங்கும் உடைந்த போர்த்துகீசு ஒன்று வியாபாரப் பேச்சாக நெடுங்காலம் புழங்கியது, பிறகு வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும்கூட அதைப் பேசித்தான் பிழைத்தார்கள். மதுரைக்கும் 1606-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி வருவதற்கு முன்பே பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் நாயக்கர் ஆட்சியில் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார். மேசை, அலமாரி, ஜன்னல், பீப்பாய் எல்லாம் அவர்கள் தொடர்பில் வந்தவை. பாதிரியார் என்பதும்தான்.

நாம் வாங்க மட்டும் செய்யவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாங்காய்ப் பூட்டு ஞாபகம் வரும். 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்த திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டு அது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல கனம், மாங்காய் வடிவம், உள்ளே லீவர். இதில் ‘பூட்டு’ நம் சொல், ஏர் பூட்டினோம், வண்டி பூட்டினோம், கதவையும் பூட்டினோம். ‘மாங்காய்’ தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் போர்த்துகீசியர் வாய்க்குப் போய் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆகி உலகம் சுற்றியது. பூட்டைத் திறக்க எடுக்கும் சாவி அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. கைக்குள் அடங்கும் ஓர் இரும்புத் துண்டில் கொடுத்ததும் வாங்கியதும் சேர்ந்து கிடக்கிறது. இதில் எதை அடித்துத் திருத்துவது?

வந்த சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம். சும்மா இருந்தவனைத் தூண்டிவிட்டால் ‘யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்காங்க’ என்கிறோம். திறவுகோலால் இது முடியாது, ஏனென்றால் இங்கே எதையும் திறக்கவில்லை, முடுக்குகிறோம். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சாவி செய்து கொடுக்கிறவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு அழுத்தித் திருப்புவார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், பித்தளையில் மயிரிழையாய்த் தடம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே. அவரிடம் போய் ‘நீங்கள் சொல்வது தமிழ் இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாவிக்கொத்து, கள்ளச்சாவி, சாவித்துவாரம் என்று நம் இலக்கணத்துக்குள் குடும்பம் நடத்தும் சொல் அது.

திறவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தமிழ் பைபிளில் இயேசு பேதுருவிடம் ‘பரலோகராஜ்யத்தின் திறவுகோல்களை’த் தருவதாகத்தான் சொல்கிறார், அந்த இடத்துக்கு அதுதான் கம்பீரம். பிள்ளைக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். ஒன்றை அடித்துத்தான் இன்னொன்றை வாழவைக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் போகிறது. பூட்டின் உயிரை எடுப்பதால், ‘சாவு’ என்பதிலிருந்து சாவி வந்தது, உலகமே நம்மிடம் வாங்கியது என்கிறார்கள். ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே உண்மையான பெருமைகளையும் பிறர் நம்பாமல் செய்கிறோம்.

‘சாவு’ வழியில் உண்மையாகவே ஒரு சாவி இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டார்கள். கதிரில் மணி பிடிக்காமல் பயிர் கருகிப் பதராய்ப் போனால் அது சாவி. ‘போட்டதெல்லாம் சாவியாப் போச்சு’ என்பது விவசாயியின் பேச்சு. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்? வயலும் களமும் குறையக் குறைய அங்கே பிறந்த சொல்லும் போகிறது. தமிழ் மேல் அக்கறை உள்ள ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை மேலூர், கொட்டாம்பட்டிக் கிராமங்களுக்கு அழைத்துப் போய், நெல் விளைவித்த பெரியவர்களிடம் நோட்டும் கையுமாக உட்காரவைக்கலாம். சாவியில் தொடங்கிக் கேட்டால், கருக்காய், பதர், தூசி என்று அவர்களே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.