முகத்தில் வரும் அக்கிக்குக் காவி எழுதினால் போதுமா?

"அக்கிக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, காவி (குழைத்த செம்மண்) எழுதினால் மூன்றே நாளில் இறங்கிவிடும். அப்புறமும் இருக்கும் தலைவலி, கண் மங்கல் எல்லாம் உடல் சூடு" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கண் பக்கம் வந்த அக்கி என்றால் ஆபத்தான தவறு.

அக்கிக்குக் காரணம் சூடு அல்ல. முன்பு வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, எதிர்ப்பு சக்தி குறையும்போது மறுபடி கிளம்புகிறது. நெற்றி நரம்பில் கிளம்பினால் கொப்புளத்துக்கு முன்பே ஒரு பக்கத் தலைவலி தொடங்கலாம். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கூடுதல் கவனம் தேவை. மூக்கு நுனிக்கு வரும் நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. கருவிழி அழற்சி, கண் அழுத்தம், ஏன், பார்வை இழப்புகூட வரலாம்.

காவி எழுதியவருக்குக் கொப்புளம் வற்றியது உண்மைதான். எழுதாவிட்டாலும் 2 முதல் 4 வாரத்தில் அது தானே வற்றும். வைரஸைக் கட்டுப்படுத்துவது அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவியை நம்பிக் காத்திருக்கும் அதே மூன்று நாள்! என் ஆதங்கமே அதுதான்.

ஆறி 3 மாதம் கழித்தும் வலி நீடித்தால் அது நரம்பு வலி, அதற்கும் மருந்து உண்டு. கண் சிவந்தாலோ மங்கினாலோ வெளிச்சத்தில் கூசினாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.