மடிச்சு வைக்கற கைக்கு சேல்ஸ் கோடு கிடையாதா?

போன ஞாயித்துக்கிழமை சேலத்துல குகைங்கற ஏரியாவுல ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நான் முன்னாடி வேலை பார்த்த ஜவுளிக்கடையில 16 வருஷம் இருந்தவங்க, முட்டி வலி தாங்க முடியாம வேலையை விட்டு நின்னுக்கறேன்னு அவங்களே சொல்லிட்டு வந்துட்டாங்க. கடையில ஒன்னும் செய்யல, நாங்க பழைய ஆளுங்க ஆறு பேரு காசு போட்டு ஒரு குத்துவிளக்கு வாங்கிக் குடுத்தோம். சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போட்டுட்டு இருக்கும்போது அந்த அக்கா சாதாரணமா கேட்டாங்க, "ஏங்கண்ணு, அந்த போர்டுல என் போட்டோ ஒருக்கா கூட வரலைல்ல?"

அவங்க கோவமா கேக்கல. ஆனா எனக்கு சோறு தொண்டையிலயே நின்ன மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்த போர்டுக்கு மாசாமாசம் பேரு எழுதி மேல அனுப்பினது நான்தான், 6 வருஷம்.

கடை பேரு வேண்டாம், சேலத்துல இருக்கற பெரிய ஜவுளிக்கடைகள்ல ஒன்னுன்னு மட்டும் வெச்சுக்கோங்க. ஸ்டாஃப் உள்ள வர்ற வாசல்கிட்ட 'இந்த மாத சிறந்த ஊழியர்'னு ஒரு போர்டு, போட்டோ ஒட்டி, கூட 1000 ரூபா கூப்பன். லிஸ்ட் எப்படி போடுவோம்னா கம்ப்யூட்டர்ல இருந்துதான். பில்லு போடும்போது யாரு வித்தாங்களோ அவங்களுக்குன்னு இருக்கற நம்பர், அதான் சேல்ஸ் கோடு, அது ஏறும், மாசக் கடைசியில எந்தக் கோடுல அதிகத் தொகை நிக்குதோ அவங்கதான் சிறந்த ஊழியர். நான் பில்லிங்ல இருந்து சூப்பர்வைசர் ஆனவ, எனக்கு அது ரொம்ப நியாயமாத்தான் பட்டுச்சு, யாரு மேலயும் விருப்பு வெறுப்பு இல்லாம நம்பர் சொல்லுதுல்ல. அந்த அக்காவுக்கு சேல்ஸ் கோடே கிடையாது. பட்டு செக்சன்ல மடிக்கற வேலை அவங்களுக்கு.

மடிக்கறதுதானேன்னு நினைக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். ஆவணி முகூர்த்த சமயம், ஆத்தூர் பக்கத்துல இருந்து ஒரு கல்யாண பார்ட்டி வரும், ஒரே வேன்ல பன்னெண்டு பதிமூணு பேரு. பொண்ணுக்கு ஒரு கலரு புடிக்கும், பொண்ணோட அத்தைக்குப் புடிக்காது, மாமியார் வாயே திறக்க மாட்டாங்க, ரெண்டரை மணி நேரத்துல எழுபது எம்பது சேலை விரிச்சாச்சு, எடுத்தது ஒம்போது. அவங்க பில்லுக்குப் போனதும் சேல்ஸ்மேன் அடுத்த பார்ட்டிக்கு ஓடிடுவாரு. மீதி மலை மாதிரி கவுண்டர் மேல கிடக்கும். அதை அந்த அக்கா ஒவ்வொன்னா எடுப்பாங்க. முதல்ல முந்தானையை வெளிச்சத்துல பிடிச்சு கறை, நூல் இழுப்பு, பொட்டு ஒட்டியிருக்கான்னு பார்ப்பாங்க. அப்புறம் பார்டரோட பார்டர் சேர்த்து, பழைய மடிப்பு விழுந்த இடத்துல மறுபடி மடிக்காம ரெண்டு விரக்கடை தள்ளி மடிப்பாங்க. ஒரே இடத்துல மடிச்சுட்டே இருந்தா ஜரிகை அந்தக் கோட்டுலயே முறிஞ்சு போயிடும், பட்டும் கிழியும். 20,000 ரூபா சேலை ஒரு வருஷம் விக்காம ரேக்லயே கிடந்து, கடைசியில புதுசு மாதிரியே வித்துச்சுன்னா அது அந்த ரெண்டு விரக்கடையால. அதுக்கு எந்தக் கம்ப்யூட்டர்லயும் கணக்கு கிடையாது.

இன்னொன்னும் இருக்கு. எந்த சேலை எந்த ரேக்ல இருக்குன்னு கடையில அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. கஸ்டமர் "மயில் கழுத்து கலர்ல சின்ன பார்டர் இல்லையா"ன்னு கேட்டா சேல்ஸ்மேன் அந்த அக்கா முகத்தைத்தான் பார்ப்பாரு, அவங்க மடிச்சுக்கிட்டே "மூணாவது ரேக், கீழ இருந்து ரெண்டாவது"ன்னு மெல்ல சொல்லுவாங்க. சேலை வித்துடும், கோடு சேல்ஸ்மேனோடது, இன்சென்டிவும் அவரோடது. அவரைக் குத்தம் சொல்லல, அவரும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தொண்டை வரள பேசறவருதான். ஆனா அந்த வியாபாரத்துல ரெண்டு பேரு இருந்தாங்கல்ல?

விருதுன்னு ஒன்னு வெச்ச பிறகு கடையில என்ன நடந்துச்சுன்னும் சொல்லணும். எல்லாருக்கும் பட்டு கவுண்டர்தான் வேணும், பிளவுஸ் பிட்டுலயும் லுங்கி துண்டுலயும் நிக்க யாருக்கும் மனசு வரல, ஏன்னா 150 ரூபா பில்லா போட்டு எந்தக் காலத்துல போர்டுல ஏற முடியும்? நல்ல டிசைன் வந்தா ஒருத்தருக்கொருத்தர் காட்டாம கீழ் ரேக்ல ஒளிச்சு வைக்கறது, கஸ்டமர் படியேறும்போதே போட்டி போட்டுட்டு ஓடறது, இதெல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு. வருஷம் முழுக்க சுத்திச் சுத்தி அதே நாலஞ்சு மூஞ்சிதான் போர்டுல. அப்புறம் ஆளுங்க முணுமுணுக்கறாங்கன்னு தெரிஞ்சு முதலாளி "சரி, ஆளுக்கொரு மாசம் முறை வெச்சு குடுத்துடுங்க"ன்னாரு. அது இன்னும் மோசமாப் போச்சு. முறைன்னு தெரிஞ்சதும் போட்டோ வந்த பையனே கூப்பனை மட்டும் வாங்கிட்டு போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்த முறையிலயும் மடிக்கறவங்க, பேக்கிங், குடோன், பாத்ரூம் கழுவற அம்மா யாரும் வரல. லிஸ்ட்னா சேல்ஸ்தான்னு என் கையே பழகிப் போச்சு, அதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

எங்க சித்தப்பா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவரு. அவருகிட்ட இதைச் சொன்னப்போ அவரு சொன்னது அப்படியே மனசுல நிக்குது. பழம் பறிக்கற சீசன்ல கிலோ கணக்குல கூலி போட்டா ஆளுங்க கிளையோட உருவிடுவாங்களாம், செவப்பும் வரும் பச்சையும் வரும், எடை நிக்கும். நிதானமா செவப்புப் பழமா பார்த்துப் பறிக்கறவங்களுக்கு எடை குறையும், கூலியும் குறையும். பச்சைக் காய் சேர்ந்தா காபியோட ருசியே கெட்டுடும், உருவினா கிளையும் அடிபடும். அப்ப யாரு நல்ல வேலைக்காரி? தராசைக் கேட்டா ஒருத்தி பேரைச் சொல்லும், செடியைக் கேட்டா வேற பேரைச் சொல்லும்னாரு. அவரு சாயங்காலம் எடை போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாக்குக்குள்ளயும் கையை விட்டு அள்ளிப் பார்ப்பாராம். பச்சை இல்லாத சாக்குக்கு எடையில குறையறதை ஈடு கட்டற மாதிரி தனிக்காசு குடுக்கச் சொல்லி துரைகிட்ட சண்டை போட்டு வாங்கினாராம். ஏற்காட்டுக்கு காபி கொண்டு வந்தவருன்னு 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் பேரை இன்னைக்கும் சொல்றோம். அந்த மலையில இருநூறு வருஷமா குனிஞ்சு நிமிந்து பறிச்ச ஜனங்கள்ல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?

அந்த சாக்குக்குள்ள கையை விடற வேலையை நான் 6 வருஷத்துல ஒரு நாளும் செய்யல. தராசு சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிட்டேன்.

அடுத்து போனஸ். இதைச் சொல்லாம விட மனசு வரல. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாரையும் நிக்க வெச்சு, மைக்ல பேரு கூப்பிட்டு, ஸ்வீட் பாக்ஸோட கவரைக் குடுத்து 'முதலாளியின் அன்பளிப்பு'ன்னு சொல்றது நிறைய இடத்துல நடக்குது. வாங்கறவங்களும் குனிஞ்சு கும்பிட்டு வாங்கறாங்க. போனஸ் அன்பளிப்பு இல்லைங்க. 1965-ல வந்த போனஸ் சட்டப்படி 20 பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்கற இடத்துல, சட்டத்துல சொன்ன சம்பள வரம்புக்குள்ள இருக்கறவங்க வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சிருந்தாலே குறைஞ்சபட்சம் 8.33 சதவீதம் குடுத்தாகணும், மேல 20 சதவீதம் வரைக்கும் போகலாம். இப்ப வந்திருக்கற ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அந்த 8.33 அப்படியேதான் இருக்கு. கணக்குப் பார்த்தா அது வருஷச் சம்பளத்துல பன்னெண்டுல ஒரு பங்கு. அவங்க உழைச்ச காசை அவங்ககிட்ட குடுத்துட்டு அதையே பாராட்டுன்னு சொல்லக் கூடாது. கணக்கு வேற, பாராட்டு வேற. கணக்கைச் சரியா முடிச்ச பிறகுதான் பாராட்டற வாய்க்கே மரியாதை.

அதே மாதிரிதான் உக்கார்ற விஷயமும். 2018-ல கேரளாவுல வந்துச்சு, 2021-ல நம்ம தமிழ்நாட்டுலயும் கடைகள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, வேலை பார்க்கறவங்களுக்கு உக்கார வசதி இருக்கணும்னு. அந்த அக்கா 16 வருஷத்துல முக்கால்வாசி அதுக்கு முன்னாடியே நின்னு முடிச்சுட்டாங்க. சட்டம் வந்ததுக்கு அப்புறம் கடையில ஸ்டூல் வந்துச்சு, ஆனா கஸ்டமர் இருக்கும்போது உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பாங்க, அந்தப் பார்வை நானும் பார்த்திருக்கேன். ஒருத்தருக்கு ஷீல்டு குடுக்கறதுக்கு முன்னாடி "அக்கா, உக்காந்துட்டே மடிங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு பைசா செலவில்ல.

இப்ப நான் இருக்கறது சின்னக் கடை, மொத்தம் 26 பேரு. இங்க மேனேஜரா சேர்ந்ததும் போர்டு வேண்டாம்னுட்டேன். ராத்திரி கடை சாத்தின பிறகு மீட்டிங் எதுவும் கிடையாது, ஏன்னா வாழப்பாடி, ஓமலூர்னு போறவங்களுக்கு பஸ்ஸு முக்கியம். சனிக்கிழமை காலையில ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிப்போம். யாரு வேணா யாரைப் பத்தி வேணா சொல்லலாம், ஒரே ஒரு கண்டிஷன், 'நல்லா வேலை செய்யறாங்க'ன்னு பொதுவா சொல்லக் கூடாது, என்னைக்கு என்ன செஞ்சாங்கன்னு சொல்லணும். முதல் ரெண்டு வாரம் எல்லாரும் வெக்கப்பட்டு தரையைப் பார்த்துட்டு நின்னாங்க. மூணாவது வாரம் ஒரு சேல்ஸ் பையன், குடோன் அண்ணன் செவ்வாய்க்கிழமை மழையில பண்டல் நனையாம தன்னோட ரெயின்கோட்டைக் கழட்டிப் போத்திக் கொண்டு வந்ததைச் சொன்னான். அந்த அண்ணன் ஒன்னும் பேசல, சட்டை காலரை சரி பண்ணிக்கிட்டாரு. அன்னைக்கு முழுக்க அவரு நடையே வேற மாதிரி இருந்துச்சு, பொய்யில்ல.

வெறும் வார்த்தையில நிறுத்தக் கூடாதுன்னு முதலாளிகிட்ட இன்சென்டிவ் விஷயமும் பேசினேன். வித்தவருக்குப் போற பங்குல கை வைக்காம, கடை தர்ற மொத்தத்துல ஒரு பகுதி மடிக்கறவங்க, பேக்கிங், குடோனுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு கேட்டேன். "வித்தவனுக்குத்தானேம்மா இன்சென்டிவ்"னாரு. ரெண்டு நாள் சாயங்காலம் 7 மணிக்கு மேல பட்டு செக்சன்ல வந்து நில்லுங்க சார்னு கூப்பிட்டேன். வந்தாரு, நின்னாரு. ரெண்டாம் நாள் அவரே ஒரு சேலையை எடுத்து மடிச்சுப் பார்த்தாரு, பார்டர் சேரவே இல்ல, மடிக்கற பொண்ணு வாங்கி சரி பண்ணிக் குடுத்துச்சு. இந்த தீபாவளியில இருந்து பண்ணலாம்னு சொல்லியிருக்காரு, எவ்வளவுன்னு இன்னும் முடிவாகல, நான் விடறதா இல்ல.

அந்த அக்காவுக்கு கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வர்றப்ப குடுக்க வேண்டிய பணிக்கொடை, அந்தக் கணக்கு இன்னும் கடையில முடிக்கல. 5 வருஷம் தாண்டினாலே வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு 1972-லயே சட்டம் வந்துடுச்சு, 16 வருஷத்துக்கு அவங்களுக்கு வர வேண்டியது வந்தே ஆகணும். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு அவங்களைக் கூட்டிட்டு கடைக்குப் போறேன், அங்க முடியலைன்னா நேரா லேபர் ஆபீஸ்தான். பழைய ஆளுங்க யாராவது கூட வர்றதா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அவங்க எத்தனை வருஷம் அங்க நின்னாங்கன்னு சொல்ல நாலு பேரு வேணும்.