சிரித்தவருக்கு ஒரு பதில்

கல்குவாரி பற்றிய கருத்துக்கேட்புக் கூட்ட வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குவாரியில் பாறை உடைக்க வைக்கும் வேட்டால் வீட்டில் விரிசல் என்று, அந்தச் சுவரை போட்டோ எடுத்துக்கொண்டு வந்த அந்தப் பெரியம்மாவிடம், மேடையில் இருந்தவர் "ஜல்லி இல்லாம வீடு கட்டிருவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

கட்ட முடியாதுங்க ஐயா. என் வீடே குவாரி ஜல்லியும், கல்லை அரைத்து எடுக்கும் எம்-சாண்டு மணலும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தம்மா குவாரியை மூடச் சொல்லவே இல்லையே! வெடியை ஒழுங்காக வையுங்கள் என்றுதானே கேட்டார்?

ஒழுங்காக என்றால், பாறையில் துளைத்து மருந்து நிரப்பிய எல்லாக் குழியையும் ஒரே சமயத்தில் வெடிக்காமல் குழிக்குக் குழி 25 மில்லிசெகண்ட் மாதிரி இடைவெளி விட்டு வெடிப்பது. அதற்கென்றே டிலே டெட்டனேட்டர், அதாவது தாமதித்து வெடிக்க வைக்கும் தூண்டி, இருக்கிறது. மொத்தம் எத்தனை கிலோ வெடிமருந்து என்பதைவிட ஒரே தருணத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதுதான் சுவரை ஆட்டும். அப்புறம் குழி வாயைப் பொடிக்கல் போட்டு இறுக்கி அடைப்பது, கல் பறக்காமல் மேலே கம்பி வலையும் மணல் மூட்டையும் போடுவது, துளை போடும்போது புழுதி அடங்கத் தண்ணீர் விடுவது. இதற்கெல்லாம் வெளிநாட்டிலிருந்தா ஆள் வரவேண்டும்? வெடியை ஒழுங்காக வையுங்கள், அவ்வளவுதான்.

செலவாகும் என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். ஆகட்டும் தம்பி, வருஷா வருஷம் நாங்கள் பூசும் சிமெண்ட் என்ன இலவசமா?

இன்னொருவர் கேட்டது நியாயம்தான். சுவரைச் சேதப்படுத்தாத சின்ன அதிர்வும் உடம்புக்குத் தெரியும், அதனால் எல்லா விரிசலையும் வேட்டின் தலையில் கட்டாதீர்கள் என்றார். சரி, அளந்து பார்ப்போம். 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த, அதாவது நொடிக்கு எட்டு தடவைக்கும் குறைவாக ஆடும் அதிர்வு என்றால், வீடுகளில் அதன் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் ஊரிலும் ஒருநாள் அதிர்வை அளக்கும் கருவி வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் வேட்டு பூ மாதிரி வெடித்தது! முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே ஐயா?

அதே நாள் எங்கள் அடுப்படி விரிசலைப் பார்த்துவிட்டு "அஸ்திவாரம் சரியில்ல பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா கூடவே நின்று, கடைக்கால் தோண்டியதிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. அவர் பதில் பேசவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இன்றைக்கு அவர் இல்லை. ஒரு மணிக்கு வேட்டுக்கு முன் குவாரிச் சங்கு ஊதியதும் அம்மா அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கித் தரையில் வைப்பார், வேட்டு முடிந்ததும் திரும்ப எடுத்து வைப்பார். வாங்க, வந்து அதையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போங்க.