வெங்காயச் சமோசாவும் 25 டாலரும்

கென்யாவில் ஒருவருக்கு நான் கொடுத்த 25 டாலரைப் பற்றி நேற்று ஒரு படம் போட்டேன். "உள்ளூரில் ஏழைகளே இல்லையா?", "விளம்பரம்" என்றெல்லாம் அதற்குக் கீழே எழுதினார்கள். அங்கேயே பதில் சொல்ல மனம் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

நான் கொடுத்தது கடன், தானம் இல்லை. கென்யாவில் சமோசா சுட்டு விற்கும் ஒரு பெண்மணி, மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்கக் கேட்டிருந்தார். கிவா என்ற இணையதளம் வழியாக 25 டாலர் போட்டேன்; நம்மைப் போன்றவர்கள் சிறு தொழில் செய்பவர்களுக்குச் சிறு தொகை கடன் கொடுக்கும் தளம் அது. 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்தத் தளத்தில் வழக்கமான குறைந்தபட்சமே அவ்வளவுதான். எனக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அசல் தவணையாக வரும், வராமலும் போகலாம். நூற்றுக்கு 96 திரும்பி வருகிறது என்பது அவர்கள் கணக்கு. நேற்று வந்தது முதல் தவணை, 2 டாலர் 8 சென்ட். அந்தச் சந்தோஷத்தில் போட்ட படம் அது.

ஏன் அவருக்கு? சமோசாவுக்காகத்தான். குண்டு உருளைக்கிழங்கு சமோசா இல்லை, நம் வெங்காயச் சமோசா மாதிரி மெல்லிசு. இந்தியாவிலிருந்து போனவர்களோடு கென்யாவுக்குப் போன பலகாரம். மாவை மெலிதாகத் தேய்த்து, கல்லில் லேசாக வாட்டி, பட்டையாக வெட்டி, முக்கோணமாக மடித்து, மாவுப் பசையால் ஓரத்தை ஒட்டுவார்கள். உள்ளே பெரும்பாலும் கொத்துக்கறி, அது ஒன்றுதான் வித்தியாசம்.

என் பெரியம்மாவும் அப்படித்தான் ஒட்டுவார். ஆள்காட்டி விரலில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டே இருக்கும். சினிமாக் கொட்டகைக்கும் இரண்டு டீக்கடைக்கும் சமோசா போட்டார். முதலுக்குத் தண்டல். 1000 என்று அட்டையில் எழுதி 900 கையில் கொடுப்பார்கள், தினம் பத்து ரூபாய், நூறு நாள். மழையில் ஒரு சமோசா விற்காத நாளிலும் சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்கும்.

"உள்ளூரில் ஏழைகளே இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்வதை நான் படம் போடுவதில்லை. கடன் வாங்கியவர் முகத்தை ஊரே பார்க்கும்.

"கிவாவுக்கும் கடன் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் கடன் நிறுவனம் வட்டி வாங்குகிறதே?" பெரும்பாலும் வாங்குகிறது, குறைந்த வட்டியும் இல்லை. இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தல்தான். அதனால் வட்டி விவரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். அப்புறம், "அந்தப் பெண்மணி கைக்குப் பணம் முன்பே போயிருக்கும், உன் பணம் நிறுவனத்துக்குத்தான்" என்றார் ஒருவர். பல கடன்களில் அப்படித்தான், தளத்திலேயே எழுதியிருக்கிறது. நிறுவனத்துக்குப் பணம் வந்தால்தானே அடுத்தவருக்குக் கொடுக்கும்?

இதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள், கோபமில்லை. "விளம்பரம்" என்று எழுதியது மட்டும் என் சொந்தக்காரர். பெரியம்மா கைமாற்றாக 500 ரூபாய் கேட்டுப் போனபோது உள்ளே கூப்பிடாமல் திண்ணையோடு பேசி அனுப்பிய வீடு அது. நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இரண்டு வீடும் ஒரே தெரு. அதைவிட உள்ளூர் ஏது? திரும்பி வரும்போது பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வாசலில் புது அட்டையோடு தண்டல்காரர் நின்றார்.

இன்னும் பதினொரு தவணை இருக்கிறது. 25 சேர்ந்ததும் இன்னொரு சமோசாக் கடையைத் தேடிக் கொடுப்பேன். படமும் போடுவேன்.