நடுவுல இந்தி

பெயின்டர்: ‘நோட்டீஸ் ஒட்டாதே’ங்கிற ஒரு வரிக்கு மூணு பாஷையா ஐயா?

பெரியவர்: மேல தமிழ், நடுவுல இந்தி, கீழ இங்கிலீஷ்.

பெயின்டர்: ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி.

பெரியவர்: அதேதான். 1965-ல, காலேஜ்ல படிக்கிறப்ப, அதுல தார் பூசினவன் நான், தம்பி!

பெயின்டர்: அவ்ளோ ஒழுகுச்சா?

பெரியவர்: எது?

பெயின்டர்: மாடி. தார் பூசினேன்னீங்களே.

பெரியவர்: மாடி இல்லய்யா, போர்டு! இந்தி எதிர்ப்புப் போராட்டம்!

பெயின்டர்: சரி, போர்டு ஒழுகுச்சா?

பெரியவர்: ...ஒழுகிச்சு. மண்ணெண்ணெய் கூடிப்போச்சு. நடுவுல பூசினது வழிஞ்சு இங்கிலீஷையும் மூடிருச்சு.

பெயின்டர்: தாரை உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி வச்சு, மண்ணெண்ணெயைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்தியிருக்கணும். அடுப்பு மேலயே ஊத்தினா பத்திக்கும். ஒரே தடவையா ஊத்தினா இப்படித்தான், தண்ணியா ஓடும். ஆமா, இந்தச் செவுத்துல ஒட்டுறது வடநாட்டுப் பசங்களா?

பெரியவர்: சேச்சே, நம்ம தெருப் பசங்கதான்.

பெயின்டர்: அவனுங்களுக்கு எதுக்கு இந்தி?

பெரியவர்: பேத்தி இந்தி பிரச்சார சபாவுல பிராத்மிக் பரீட்சை பாஸ் பண்ணிட்டா. ஆகஸ்ட்ல அடுத்த பரீட்சை, மத்யமா. அவளே எழுதிக் குடுத்திருக்கா, பாரு.

பெயின்டர்: அப்ப இது எச்சரிக்கை இல்ல, சர்ட்டிபிகேட்டு.

பெரியவர்: தம்பி, செவுத்தை அலங்கோலப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. 1959-லயே போட்டாச்சு.

பெயின்டர்: 59-லயா? அப்ப 65-ல நீங்க மெட்ராஸ் பூரா நோட்டீஸ் ஒட்டினப்ப?

பெரியவர்: அது கொள்கை!

பெயின்டர்: அது அடுத்தவன் செவுரு ஐயா.

பெரியவர்: நாங்க ஒட்டினா ஒட்டினதுதான், தெரியுமா? மைதாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, அப்புறந்தான் கொதிக்கிற தண்ணியில விடுவோம். நேரா கொட்டினா கட்டி தட்டிரும். மாடு தின்னாம இருக்க மயில்துத்தம். இப்ப ஒட்டுறானுங்களே, ஒரு மழைக்குத் தாங்குதா? நாலு மூலையும் தொங்குது!

பெயின்டர்: அப்ப உங்க கோவம் ஒட்டுறதுக்கா, ஒழுங்கா ஒட்டாததுக்கா?

பெரியவர்: நீ வேலையைப் பாரு.

பெயின்டர்: முதல்ல கம்பி பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டணும். அப்படியே அடிச்சா ரெண்டே மாசத்துல அப்பளமா உரியும். அப்புறம் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு. தமிழ், இங்கிலீஷ் பிரச்சனையில்ல. இந்திக்கு மேல ஒரு கோடு வருதே, இது என்ன?

பெரியவர்: அது தலைக்கோடு. எல்லா எழுத்தையும் சேர்த்து இழுக்கணும்.

பெயின்டர்: ஒரு சந்தேகம் ஐயா. கோட்டை மேல இழுத்தா பேத்தி கொள்கை. ரெண்டு இஞ்சு கீழ இறக்கி இழுத்தா, உங்க 65 கொள்கை. எங்க இழுக்கட்டும்?

பெரியவர்: ...பேத்தி ஸ்கூல்லேர்ந்து வரட்டும்.

பெயின்டர்: அவசரமில்ல. சுண்ணாம்பு காயவே நாளைக்கு ஆயிரும். மாத்தி எழுதச் சொன்னா மட்டும் தனிக் கூலி.