பதினாறு எபிசோடில் நாலுதானா?

ஸ்பின்-ஆஃப் (ஒரு தொடரிலிருந்து பிரிந்து வரும் கிளைத் தொடர்) என்றாலே ஏன் இப்படிச் செய்கிறார்கள்? 'ஹருஹி' என்ற ஜப்பானிய அனிமேயிலிருந்து பிரிந்து வந்த 'நாகாதோ யூகி-சானின் மறைவு' தொடரைப் பார்த்து முடித்தேன். ஆற்றாமை தாங்கவில்லை.

2010-ல் வந்த ஹருஹி திரைப்படத்தில், கிளப்பில் சேரும் வெற்றுப் படிவத்தைக் கதாநாயகன் கியோன் திருப்பிக் கொடுப்பான். அதை வாங்கும் கூச்சக்காரப் பெண் யூகியின் கை நடுங்கும். அந்த ஒரு நடுக்கத்தில் முழுக் காதல் கதையே இருந்தது. அந்தப் பெண்ணுக்கென்று 2015-ல் தனித் தொடர் என்றால் எவ்வளவு எதிர்பார்த்திருப்போம்?

கிடைத்தது என்ன? கிறிஸ்துமஸ் பார்ட்டி. காதலர் தினச் சாக்லேட். வெந்நீர் ஊற்றுச் சுற்றுலா. யூகி வாயைத் திறப்பாள், யாராவது குறுக்கே வருவார்கள், முகம் சிவக்கும், அடுத்த எபிசோட். எத்தனை தடவை? யார் பெயரை வைத்தாலும் பொருந்துகிற காட்சிகளுக்கு யூகி எதற்கு?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவர்களுக்கு நன்றாக எடுக்கவும் தெரிகிறது! பத்தாவது எபிசோடில் ஒரு விபத்து. அதற்கப்புறம் யூகி வேறு ஆளாகிவிடுகிறாள். பழைய நினைவுகள் எல்லாம் யாருடையதோ போல. அமைதியாகப் புத்தகம் படிக்கிறாள், கியோனை மெல்ல மெல்ல விரும்புகிறாள், தான் மறைந்துபோவோம் என்று தெரிந்தே. யூகிக்குப் பின்னணி பேசும் சிஹாரா மினோரியின் குரல் ஒரு இழை தாழ்ந்து ஒலிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நாலு எபிசோடும் தங்கம்.

சரி, இனி இந்த வேகத்திலேயே போகும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், மறுபடியும் கோடை விடுமுறைக் கும்மாளம். இவ்வளவு தெரிந்தவர்கள் மீதிப் பன்னிரண்டை ஏன் அப்படி வீணடித்தார்கள்?